முதியோர் பராமரிப்பு இல்லம்: தரத்தை எங்கே பார்ப்பது, எப்படிக் கணக்கிடுவது

அனுமதியில்லாமல் நடத்தப்பட்ட முதியோர் இல்லத்துக்குச் சீல் வைத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகிறது. படிப்பவர்களுக்கு உடனே ஒரு கேள்வி எழும்: அப்படியானால் அனுமதி பெற்ற இல்லத்தை நம்பிவிடலாமா? முடியாது. பதிவுச் சான்று இல்லாத இடத்தை ஒதுக்கிவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சான்று இருக்கிறது என்பதால் படுக்கையில் கிடக்கும் அம்மாவை ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று ஆகிவிடாது. அதைக் கண்டுபிடிக்க வேறு இடங்களில் பார்க்க வேண்டும்.

எந்த இல்லம், எந்தச் சட்டம்

ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்று வகை இடங்கள் நடக்கின்றன.

1. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் தங்கும் முதியோர் இல்லம்.
2. கோவைப் பக்கம் அதிகம் காணப்படும், வீடு வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ குடியேறும் ஓய்வுக்காலக் குடியிருப்பு.
3. பக்கவாதம், மறதி நோய், இடுப்பெலும்பு முறிவு என்று பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாதவர்களை ஏற்கும் பராமரிப்பு இல்லம்.

நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்று பலகை வைத்திருப்பது பெரும்பாலும் சிறிய தனியார் மருத்துவமனை. அது வேறு கதை. இந்தக் கட்டுரை மூன்றாவது வகையைப் பற்றியது. சிக்கலே முதல் வகை இல்லங்கள் மூன்றாம் வகை ஆட்களைச் சேர்த்துக்கொள்வதில்தான் தொடங்குகிறது. நடந்து வந்தவர் மூன்று வருடத்தில் படுக்கையாகிவிடுகிறார். ஆள் பலம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009-ல் வந்தன. முதியோர் இல்லங்களின் பதிவை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறியலாம். நோயாளிகளுக்குச் சிகிச்சையும் தருகிற இடமாக இருந்தால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ம் அதன் 2018 விதிகளும் உண்டு. அந்தப் பதிவு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் வழியாக நடக்கிறது. இவற்றோடு தீயணைப்புத் துறையின் சான்றும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் கேட்டுப் பார்க்க வேண்டியவை. நகலைக் காட்டத் தயங்கும் இல்லத்தில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. காட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், அவ்வளவுதான்.

நட்சத்திரம் கொடுக்கும் நாட்டின் அனுபவம்

அரசே இல்லங்களுக்கு மதிப்பெண் கொடுத்து இணையத்தில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். அமெரிக்கா அதைச் செய்கிறது. அங்கே 2008 டிசம்பரிலிருந்து மத்திய அரசு ஒவ்வோர் இல்லத்துக்கும் 1 முதல் 5 வரை நட்சத்திரம் தருகிறது. ஆய்வாளர்கள் நேரில் வந்து கண்ட குறைகள், ஊழியர் அளவு, படுக்கைப் புண் போன்ற உடல்நலக் குறியீடுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

அங்கேயும் ஓட்டைகள் வெளிப்பட்டன. ஊழியர் எண்ணிக்கையை முதலில் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. அது நம்பகமில்லை என்றாகி, 2016 முதல் சம்பளப் பதிவேட்டின் அடிப்படையில் தரவு கேட்கத் தொடங்கினார்கள். இன்னொன்று, மறதி நோய் உள்ளவர்களை அடக்கி வைக்க மனநோய் மருந்து கொடுப்பது மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆனால் மனச்சிதைவு நோய் என்று கோப்பில் இருந்தால் அந்த நபர் கணக்கில் வரமாட்டார். விளைவு, வயதான காலத்தில் திடீரென்று பலருக்கு 'மனச்சிதைவு' முளைத்தது. 2023-ல் அந்த நோயறிதல்களைத் தணிக்கை செய்யப்போவதாக அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. இல்லம் தானே எழுதுகிற எதையும் தனியாக நம்பக் கூடாது. எழுதியதை, எழுத முடியாத இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்: சம்பளம் வாங்குகிற ஆட்களின் எண்ணிக்கை, எடை பார்க்கும் கருவி, குதிகாலின் தோல்.

இரவு ஆள் கணக்கு

"எங்களிடம் ஐந்து ஆயாக்கள் இருக்கிறார்கள்" என்பது நிர்வாகிகள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அது உண்மையாகவே இருந்தாலும் ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் நாளுக்கு 2, வாரத்துக்கு 14. ஓர் ஆள் வாரம் ஆறு ஷிஃப்ட் செய்வார். எப்போதும் இரண்டு பேர் பணியில் இருக்க வாரம் 28 ஷிஃப்ட் நிரம்ப வேண்டும். 28-ஐ ஆறால் வகுத்தால் 4.67. ஆக ஐந்து ஆயா என்றால் எந்நேரமும் இரண்டு பேர். அதிலும் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சில ஷிஃப்டில் ஒரே ஆள்.

இப்போது வேலையின் அளவைப் பாருங்கள். 20 பேர் உள்ள இல்லம், அதில் 8 பேர் முழுப் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, விரிப்பைச் சரிசெய்து, தலையணை வைக்க இரண்டு பேருக்கு சுமார் 10 நிமிடம். எட்டுப் பேருக்கு 80 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒவ்வொரு 120 நிமிடத்திலும் 80 நிமிடம் இதற்கே போகிறது. மிச்ச 40 நிமிடத்தில் மற்ற 12 பேரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு பேர் இருந்தாலே மூச்சு முட்டும் கணக்கு இது. இரவில் ஒருவர்தான் என்றால், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வீட்டில் யாரையும் நேரத்துக்குப் புரட்டுவதில்லை என்றே கொள்ளலாம்.

ஆகவே மொத்த ஊழியர் எத்தனை என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவை:

1. நேற்று இரவு பணியில் இருந்தவர்கள் யார் யார்? வருகைப் பதிவேட்டைக் காட்ட முடியுமா?
2. அவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் உண்டா, அல்லது ஃபோனில் கூப்பிட்டால் வருவாரா?
3. முழுப் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர்?
4. ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே வேலை செய்யும் ஆயாக்கள் எத்தனை பேர்?

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேச முடியாத ஒருவர் முகம் சுளிப்பது வலியாலா, மலம் கழிக்க வேண்டியா என்பது பழகிய ஆளுக்குத்தான் தெரியும். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் அது நிற்காது.

தோல்: பொய் சொல்ல முடியாத பதிவேடு

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தசை நசுங்கி ரத்த ஓட்டம் தடைபடுவதால் படுக்கைப் புண் வருகிறது. பிட்டத்துக்கு மேலே முதுகு முடியும் இடம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை ஆகியவை முதலில் பாதிக்கப்படும். ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காது மடலையும் பார்க்க வேண்டும். ஈரமும் உராய்வும் இதைத் துரிதப்படுத்தும். அதனால்தான் நனைந்த டயப்பரும் ஆளைப் படுக்கையில் இழுத்து நகர்த்துவதும் ஆபத்து. தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் தோல் கிழிவதில்லை. நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்து கொப்புளம்போல் இருக்கும். மூன்றில் கொழுப்பு தெரியும், நான்கில் தசையும் எலும்பும். முதல் நிலையில் பிடித்தால் சில நாள் அழுத்தம் தவிர்த்தாலே சரியாகலாம். நான்காம் நிலை ஆற மாதக்கணக்காகும். பலருக்கு ஆறுவதே இல்லை.

பாடநூல்கள் முதல் நிலையைச் 'சிவத்தல்' என்று எழுதுகின்றன. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா பூத்தோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்படுகிறதா, தொட்டதும் வலியில் ஆள் சுருங்குகிறாரா என்று கையால் பார்க்க வேண்டும். இதைச் செய்து காட்டச் சொல்லி நர்ஸிடம் கேட்டால் அவருக்கு வேலை தெரியுமா என்பது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஏர் பெட் இருக்கிறது, அதனால் புரட்டத் தேவையில்லை என்று சொன்னால் ஏற்காதீர்கள். காற்று மெத்தை அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும், புரட்டும் வேலைக்கு மாற்றாகாது. மோட்டார் ஓடுகிறதா, ஆளின் எடைக்கு ஏற்ற அழுத்தம் வைத்திருக்கிறார்களா, மின்வெட்டில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மெத்தைக்கு அடியில், பிட்டத்துக்கு நேராகக் கையை நுழைத்தால் நடுவில் காற்றுப்படலம் தெரிய வேண்டும். எலும்பு நேராகக் கையில் முட்டினால் அந்த ஏர் பெட் வெறும் பிளாஸ்டிக். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையும் கூடாது. ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தை அது இன்னும் குறைக்கும்.

புரட்டும் பதிவேட்டில் இரவு 10, 12, 2, 4 எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், நேர்க்கோடாக டிக் போட்டிருந்தால் காலையில் உட்கார்ந்து எழுதியது என்று புரிந்துகொள்ளலாம். உண்மையான பதிவேடு கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும்: 2.20 என்றிருக்கும், இடப்பக்கம் வலப்பக்கம் என்றிருக்கும், நடுவே "வலி என்றார், மாற்றவில்லை" என்றும் இருக்கும்.

எடையும் தண்ணீரும்

மாதம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், மூன்று மாதத்தில் 7.5, ஆறு மாதத்தில் 10 சதவீதம் தானாகக் குறைந்தால் அது எச்சரிக்கை. 50 கிலோ இருந்தவருக்கு இது முறையே 2.5, 3.75, 5 கிலோ. நிற்க முடியாதவருக்கு அளவு நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கலாம்; 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை கரைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். காலில் நீர் கோத்திருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

மெனு அட்டையை யாரும் அச்சடிக்கலாம். ஊட்டும் நேரம்தான் விஷயம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு வேளை ஊட்ட 20 முதல் 30 நிமிடம் ஆகும். இப்படி எட்டுப் பேர் இருந்து ஊட்ட ஒரே ஆயா என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், நான்கு மணி நேரம் வரை. ஒரு மணிக்குத் தொடங்கிய சாப்பாடு ஒன்றே முக்காலுக்கு முடிந்துவிட்டது என்றால், பாதித் தட்டு திரும்பிப் போயிருக்கிறது அல்லது படுத்த வாக்கில் வாயில் திணித்திருக்கிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம்: சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மூக்குக் குழாய் வழி உணவு கொடுத்தாலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும்.

தண்ணீர் இன்னும் நுட்பமான இடம். இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் கட்டுப்பாடு சொல்லாதவரை நாளுக்கு ஒன்றரை லிட்டராவது திரவம் உள்ளே போக வேண்டும். ஆள் குறைவான இடங்களில் மாலை ஐந்துக்கு மேல் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், ராத்திரி டயப்பர் மாற்றும் வேலை குறையும் என்று. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர்க் குழப்பம் என்று அது வேறு வடிவில் திரும்பி வரும். குடும்பத்தாரோ "வயசாயிடுச்சு, அதான் பிதற்றுகிறார்" என்று எடுத்துக்கொள்வார்கள்.

மருந்து

ஒவ்வொருவருக்கும் தனித் தாள் இருக்க வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, நேரம், கொடுத்தவர் கையெழுத்து. மறுத்தால் மறுத்தார் என்ற குறிப்பு. வழக்கமாகத் தவறும் இடங்கள் இவை.

1. இன்சுலினும் சாப்பாடும். ஊசி ஏழரைக்கு, இட்லி ஒன்பது மணிக்கு என்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் அளவு சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை இரவுப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் போனால் கெட்டுவிடும். குப்பியைத் திறந்த தேதி அதன்மேல் எழுதியிருக்கிறதா என்பதும் நல்ல சோதனை.

2. பொடித்துக் கொடுப்பது. மெதுவாகக் கரையும்படி செய்த எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். மாத்திரைகளைப் பொடித்துக் குழாயில் விட்டால் முழு அளவும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். வேறு வடிவம் எழுதித் தர மருத்துவரைக் கேட்க வேண்டும்.

3. தூங்க வைக்கும் மருந்து. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் சிலருக்குத் தேவைப்படலாம். ஆனால் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. 2008-ல் பழைய மருந்துகளையும் சேர்த்தது. யார் எழுதினார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். காலை 11 மணிக்குக் கூடத்தில் பாதிப் பேர் தலை தொங்கித் தூங்குகிறார்கள் என்றால் அதை அமைதி என்று எண்ணிவிடக் கூடாது.

விழுவதும் கட்டிவைப்பதும்

'இங்கே யாரும் விழுந்ததே இல்லை' என்று சொல்லும் இல்லத்தில் ஒன்று பதிவு எழுதுவதில்லை, அல்லது யாரையும் எழுந்து நடக்க விடுவதில்லை. நல்ல இல்லம் தேதி, மணி, இடம் எழுதி வைத்திருக்கும். அப்போதுதான் அதிகாலை நான்கிலிருந்து ஆறுக்குள் கழிப்பறை வழியில் விழுகிறார்கள் என்ற ஒழுங்கு புலப்படும். அந்த நேரத்தில் ஓர் ஆளை அங்கே நிறுத்தலாம். படுத்திருக்கையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பி.பி. பார்த்தால் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைகிறதா என்று தெரியும். குறைந்தால் பி.பி. மாத்திரையை மருத்துவர் திருத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவது இங்கே சர்வசாதாரணம். கட்டிலின் தடுப்புக் கம்பியும் முழுப் பாதுகாப்பல்ல. அதைத் தாண்டி இறங்க முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிவைப்பதன் உச்ச விளைவைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 95-ம் பிரிவு சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. முதியோர் இல்லத்தில் சங்கிலி இருக்காது. இரவு பூட்டிய கிரில் கதவு இருக்கும். சாவி யாரிடம், இரண்டாம் மாடியில் படுக்கையாக இருப்பவரைப் புகையில் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

தொற்றுக்கு இரண்டு அடையாளம் போதும். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை, உடலுக்குள் இருக்கும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. அடுத்தது சொறி. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அது அறை முழுக்கப் பரவியிருக்கும். ஒருவருக்கு மட்டும் மருந்து தடவிப் பயனில்லை. ஊழியர் உட்பட எல்லோருக்கும் ஒரே நாளில் சிகிச்சை, துணி விரிப்பெல்லாம் சேர்த்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

நேரில் போகும் முறை

1. முதல் முறை நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். சான்றுகள், கட்டண விவரம், பதிவேடுகளை அப்போது பார்த்துவிடலாம்.
2. இரண்டாம் முறை சொல்லாமல், இரவுச் சாப்பாட்டு நேரத்தில். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. பார்வை நேரம் முடிந்தது என்று வாசலிலேயே நிறுத்தினால், பெற்றோரைச் சேர்த்தபின்னும் அதே வாசலில்தான் நிற்பீர்கள்.
3. மூத்திர வாடை ஓர் அறையில் அடித்தால் யாரோ இப்போது நனைந்திருக்கிறார்கள். கட்டிடம் முழுக்க ஊறியிருந்தால் அது பழைய பிரச்சினை. பினாயில் வாடை தூக்கலாக இருந்தாலும் காரணம் கேளுங்கள்.
4. அழைப்பு மணி படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா பாருங்கள். அழுத்திவிட்டு எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.
5. ஆயா, அங்கிருக்கும் பெரியவரிடம் பேசும் விதத்தைக் கேளுங்கள். 'அம்மா, திருப்பப் போறேன்' என்று சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, மூட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டுகிறாரா?

ஒப்பந்தத்தில் டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பும், மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கும் கட்டணம் உண்டா, டயப்பரும் பிசியோதெரபியும் தனிக் கணக்கா, ராத்திரி மருத்துவமனைக்கு உடன் போவது யார், இறந்தால் சான்று தரும் மருத்துவர் யார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மாதக் கட்டணத்தைவிட இந்தத் தனிக் கணக்குகளில்தான் பல குடும்பங்கள் திணறுகின்றன.

சேர்த்த பிறகு

முதல் நாளே எடை குறித்து, முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் இல்ல நர்ஸுடன் சேர்ந்து பார்த்துத் தேதியுடன் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பின்னால் புண் வந்தால் 'வரும்போதே இருந்தது' என்ற வாதத்துக்கு இடமிருக்காது. இல்லத்துக்கும் இது பாதுகாப்புத்தான். முதல் மாதம் வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், குதிகாலையும் மருந்துத் தாளையும் காட்டச் சொல்லலாம். உள்ளூரில் உறவினர் ஒருவர் வாரம் ஒருமுறை போய் வருவதற்கு ஈடு கிடையாது.

குறை கண்டால் முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். அசையாவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு. முதியோர் உதவி எண் 14567 எல்லா நாளும் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். அடி, உதை, பட்டினி போன்றவற்றுக்கு நேராகக் காவல் நிலையம்.

இடம் மாற்ற முடிவெடுத்தால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: மறதி நோய் உள்ளவருக்கு இடமாற்றமே குழப்பத்தையும் விழும் ஆபத்தையும் சில வாரங்களுக்குக் கூட்டும். ஒரு வேளை மருந்து தாமதமானது, துணி மாறிப்போனது என்பவற்றைப் பேசித் திருத்தலாம். மூன்றாம் நிலைப் படுக்கைப் புண்ணைக் குடும்பத்திடம் மறைத்தது, கட்டிவைத்தது, காரணம் சொல்லாமல் தூக்க மருந்து கொடுத்தது என்றால் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். மருந்துத் தாளின் நகல், கடைசி எடை, தோல் குறிப்பு மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். புதிய இடத்தின் நர்ஸ் முதலில் கேட்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.